என்னிடம் யாரும் சொல்லாத வறட்சி

1979 பிப்ரவரி 6, செவ்வாய்

மலைத் தோட்டத்துப் பாகப்பிரிவினை முடிந்தது. ஓடைக்கு மேற்கே நாற்பத்தைந்து ஏக்கர் எனக்கு. கிழக்கே அதே அளவு கொழுந்தனார் காசிராஜனுக்கு. ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர் என் பக்கம் வந்துவிட்டது. அவர் காயையும் இங்கேயே போட்டுக்கொள்ளலாம் என்று எழுதியிருக்கிறோம்.

கையெழுத்துப் போட்டுவிட்டுக் காசிராஜன் சொன்னார்: "மதினி, நீங்க மலையேறி என்னத்தப் பாக்கப் போறீங்க? குத்தகைக்கு விட்டுட்டு நிம்மதியா வீட்ல இருங்க."

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. போடியில் எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். என் வீட்டுக்காரர் போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. எனக்கு முப்பத்தாறு வயது. பிள்ளை இல்லை. பி.யு.சி. வரை படித்திருக்கிறேன். குத்தகைக்கு விட்டால் வருஷத்துக்கு ஒரு தடவை எவனோ வந்து கையெழுத்து வாங்கிப் போவான். மற்ற நாளெல்லாம் நான் என்ன செய்வேன்?

நாளைக் காலை ஜீப்பில் குரங்கணி. அங்கிருந்து இரண்டு மணி நேரம் நடை.

1979 பிப்ரவரி 9, வெள்ளி

மூன்று நாள் தோட்டத்தைச் சுற்றினேன். எதற்கும் ஒரு முறை கிடையாது. ஆட்கள் எட்டு மணிக்கும் வருகிறார்கள், ஒன்பதுக்கும் வருகிறார்கள். எந்த இடத்தில் எத்தனை தூர் ஏலம் நிற்கிறது என்று கங்காணி கன்னையனுக்கே தெரியவில்லை. "காடுன்னா அப்படித்தாம்மா" என்கிறான். எல்லாம் என் வீட்டுக்காரர் தலைக்குள்ளேயே இருந்திருக்கிறது. தலையோடு போய்விட்டது.

மூன்றாகப் பிரித்துப் பெயர் வைத்தேன்: மேல்காடு, நடுக்காடு, பள்ளக்காடு. ஒவ்வொன்றுக்கும் ஒரு நோட்டு. காலை ஏழு மணிக்கு ஆள் கூப்பிட வேண்டும். கன்னையன் தலையைச் சொறிந்தான். செய்வான்.

1979 பிப்ரவரி 27, செவ்வாய்

போடிமெட்டுப் பக்கம் ஒரு தோட்டத்தைப் போய்ப் பார்த்தேன். நிழல் மரங்களில் பாதியை எடுத்துவிட்டு, தூர்களை நெருக்கி நட்டு, உரம் போட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு தூரிலும் சரம் சரமாகக் காய். நம் தோட்டத்தில் நட்ட நடுப்பகலில் விளக்கு வேண்டும், அவ்வளவு இருட்டு. பலாவும் சந்தனவேம்பும் ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு நிற்கின்றன. வெயிலே படாமல் செடி எப்படிக் காய்க்கும்?

மரம் வெட்ட அனுமதி கேட்டு எழுதிவிட்டேன். மேல்காட்டிலும் நடுக்காட்டிலும்.

1979 ஏப்ரல் 3, செவ்வாய்

காலையிலிருந்து கோடாலிச் சத்தம். மரம் விழுந்த இடத்தில் வானம் வந்து நிற்கிறது. எனக்குப் பிடித்திருக்கிறது.

1980 ஜனவரி 19, சனி

போன பருவம் இருபத்திரண்டு மூட்டை. இந்தப் பருவம் முப்பத்தெட்டு.

ஏல விற்பனைக்கு நானே போனேன். கமிஷன் கடைக்காரர்கள் நாற்காலி எடுத்துப் போட்டார்கள். சென்ற வருஷம் இதே ஆட்கள் என்னை வாசலில் நிறுத்திப் பேசினார்கள்.

காசிராஜனுக்குப் பதினெட்டு. அவர் பக்கம் ஒரு கிளையைக்கூட வெட்டவில்லை. "என்ன தம்பி, மரத்துக்குக் காவல் இருக்கீங்களா?" என்று கேட்டேன். சிரித்தார்.

1980 மார்ச் 12, புதன்

மனசு சரியில்லை. எழுதித் தீர்க்க வேண்டும்.

போடியிலிருந்து ஏழெட்டுத் தோட்டக்காரர்கள் நடுக்காட்டைப் பார்க்க வந்திருந்தார்கள். நானே நின்று விளக்கினேன். எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் களை எடுத்துக்கொண்டிருந்த வேலுத்தாய் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அடிவாரத்தில் சிலமலை ஊர்க்காரி. பெண்ணாட்களுக்கு முன்னால் நின்று வேலை வாங்குகிறவள். இந்தத் தோட்டத்தில் பதினெட்டு வருஷம்.

"தாயி, மேல்காட்டு ஊத்து சுண்டுது. போன வருசம் இந்நேரம் குடம் முங்கும். இப்பச் செம்புல மோந்து ஊத்த வேண்டியிருக்கு. மரத்தச் சாச்சதுதான். இனி ஒண்ணக்கூட வெட்டாதீங்க. ஒரு வருசம் மழை தப்புச்சுன்னா இந்த ஏலத்தட்டை நிக்காது."

வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் வாய்க்குள் சிரித்தார். எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது.

"உன் சோலியப் பாரு வேலுத்தாய்."

"என் சோலிதான் தாயி இது."

அதுதான். அந்த ஒரு வார்த்தைதான். அவர்கள் போனபிறகு கன்னையனைக் கூப்பிட்டு, நாளையிலிருந்து அவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவன் ஏதோ சொல்ல வந்தான். என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

ஒரு ஆண் முதலாளியிடம் பத்துப் பேர் எதிரில் இப்படிப் பேசுவாளா? பேசமாட்டாள். இன்றைக்கு விட்டால் நாளைக்கு ஒவ்வொருத்தியும் வருவாள்.

1980 மார்ச் 13, வியாழன்

வேலுத்தாய் துணி மூட்டையோடு இறங்கிப் போனாள். என்னைப் பார்த்துக் கும்பிட்டாள். ஆட்கள் எல்லோரும் வரிசையில் நின்று பார்த்தார்கள். யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. நல்லது.

ஸ்டோர் சுவரில் எழுதி ஒட்டச் சொன்னேன். யாருக்கு என்ன சொல்ல வேண்டுமானாலும் கங்காணியிடம் சொல்ல வேண்டும். கங்காணி சனிக்கிழமை தோறும் எனக்குச் சீட்டு எழுதி அனுப்ப வேண்டும்.

1981 டிசம்பர் 20, ஞாயிறு

பருவம் முடியவில்லை, அதற்குள் நாற்பத்தொரு மூட்டை. தோட்டக்காரர்கள் கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். பொம்பளை ஒருத்தி மேடை ஏறியது இதுதான் முதல் தடவையாம். "ஒழுங்காக நடக்கும் தோட்டத்துக்கு முதலாளி தினமும் போக வேண்டியதில்லை" என்று சொன்னேன். கை தட்டினார்கள்.

நிஜம்தான். மாதம் ஒரு தடவைதான் ஏறுகிறேன். கன்னையனின் சீட்டுகள் ஒழுங்காக வருகின்றன. சண்டை இல்லை, முறையீடு இல்லை. முன்பெல்லாம் நான் போனால் பத்துப் பேர் பத்துக் குறை சொல்வார்கள். இப்போது வேலை செய்கிற சத்தம் மட்டும்தான்.

1982 ஜூலை 24, சனி

மழை பிந்துகிறது. வந்ததும் தூறலோடு போகிறது. கன்னையன் சீட்டு: "தோட்டம் நலம். ஆட்கள் நலம்."

1982 நவம்பர் 6, சனி

போடியில் காய் இருப்பு வைக்கப் புதிய கிட்டங்கிக்கு அஸ்திவாரம் போடும் வேலை. இரண்டு மாதமாக மலைக்குப் போகவில்லை. ஐப்பசி மழையும் சரியாகப் பெய்யவில்லை. காய் குறைவாகத்தான் இறங்குகிறது. எல்லோருக்கும் அப்படித்தான் என்கிறார்கள்.

ஆள் பேரேட்டில் களை எடுக்கிற ஆயம்மாள் பெயர் பத்து நாளாக இல்லை. கேட்டு எழுதினேன். "ஊருக்குப் போயிருக்கு" என்று பதில். தீபாவளிக்கு முன்னாடியே போய்விட்டாள் போல.

1983 ஜனவரி 18, செவ்வாய்

எங்கிருந்து தொடங்குவது?

பொங்கல் முடிந்தது. சொல்லி அனுப்பாமல் கிளம்பினேன். ஏன் என்று தெரியவில்லை. நேற்றுக் கடைக்காரர் ஒருவர் உங்கள் காய் ஏன் சுருங்கி வருகிறது என்று கேட்டார், அதுவாக இருக்கலாம்.

எல்லைக்கல்லைத் தாண்டி மேல்காட்டுக்குள் நுழைந்தேன். வழி தப்பிவிட்டதோ என்று நின்றேன். ஏலத்தட்டைகள் வெளுத்துச் சாய்ந்து கிடந்தன. கையால் தொட்டால் இலை நொறுங்குகிறது. மண்ணில் விரல் போகிற அளவுக்கு வெடிப்பு. பன்னிரண்டு ஏக்கரும் அப்படியே. நடுக்காட்டிலும் பாதி. தண்ணீர்த் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தேன். பாசி காய்ந்து அப்பளம் மாதிரிச் சுருண்டு கிடந்தது.

ஓடைக்கு அந்தப் பக்கத்திலிருந்து நாலைந்து பெண்கள் குடத்தோடு பாறையில் ஏறி வந்தார்கள். என்னைக் கண்டதும் நின்றுவிட்டார்கள். ஒருத்தி இடுப்புக் குடத்தைப் பின்னால் தள்ளி முந்தானையால் மூடினாள். குடிக்கிற தண்ணீரை. எனக்குப் பயந்து.

கன்னையன் ஓடி வந்தான்.

"எத்தன நாளா இப்படி?"

"ஊத்து நின்னு போனது ஐப்பசியிலம்மா. அதுக்கு முன்னாடியே வத்திக்கிட்டுத்தான் இருந்துச்சு. கிழக்குத் தோட்டத்துலருந்துதான் எல்லாருக்கும் தண்ணி."

"மூணு மாசமா நீ எனக்கு என்ன எழுதின? தோட்டம் நலம், தோட்டம் நலம்! ஏன்டா சொல்லல?"

கத்தினேன். அவன் என்னைவிட ஐந்து வயது மூத்தவன், அவனை டா போட்டுக் கத்தினேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னான்.

"வேலுத்தாய் சொல்லுச்சேம்மா."

அவ்வளவுதான் சொன்னான்.

திண்டில் உட்கார்ந்துவிட்டேன். யாரோ தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். காசிராஜன் தோட்டத்துத் தண்ணீர். குடித்தேன். பிறகு ஆயம்மாள் எங்கே, பொங்கல் கழிந்தும் வரவில்லையா என்று சும்மாதான் கேட்டேன். எல்லோரும் கன்னையனைப் பார்த்தார்கள். கடைசியில் கன்னையனே சொன்னான். அக்டோபர் கடைசியில் அந்தப் பாறையில் குடத்தோடு வழுக்கி விழுந்திருக்கிறாள். இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. போர்வையில் தூளி கட்டிக் குரங்கணிக்கு இறக்கியிருக்கிறார்கள். போடி ஆஸ்பத்திரியில் ஒன்றரை மாதம் கிடந்திருக்கிறாள். என் வீட்டிலிருந்து நடந்தே போகிற தூரம். நான் கிட்டங்கிக்குச் செங்கல் இறக்கிக்கொண்டிருந்தேன்.

"விழுந்தது ஏன்னு கேப்பீங்க. தண்ணிக்குப் போனான்னு சொல்லணும். தண்ணி ஏன்னு கேப்பீங்க..." என்றான் கன்னையன்.

1983 ஜனவரி 19, புதன்

சீட்டுகளை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். தேதி வாரியாகக் கோத்து வைத்திருந்தேன். கன்னையனின் கையெழுத்து அழகாக இருக்கிறது.

1983 ஜனவரி 20, வியாழன்

சிலமலைக்குப் போனேன். பஸ்சிலேயே போனேன்.

ஆயம்மாள் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கம்பு ஊன்றி நாலடி நடக்கிறாள். இனி மலை ஏற முடியாது என்று சொல்லிவிட்டார்களாம். என்னைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தாள். "உக்காரு ஆயம்மா" என்று தோளைத் தொட்டேன். "நான் கவனக்குறைவா இருந்துட்டேன் தாயி" என்கிறாள். அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறாள்! ஆஸ்பத்திரிச் செலவு என் பொறுப்பு என்றும், போடிக் கிட்டங்கியில் உட்கார்ந்து காய் பொறுக்கும் வேலை அவளுக்குத்தான் என்றும் சொன்னேன். தலையாட்டினாள். நம்பினாளா, தெரியவில்லை.

அதே தெருவில்தான் வேலுத்தாய் வீடு. பருத்திக் காட்டிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னாள். மோர் கொடுத்தாள்.

"நீ சொன்னபடியே ஆயிருச்சு" என்றேன்.

"கேள்விப்பட்டேன்."

"மேல வா வேலுத்தாய். நான் செஞ்சது தப்பு."

நான் குடித்த செம்பைக் கழுவிக் கவிழ்த்தாள். பிறகு: "உங்க மேல எனக்குக் கோவம் இல்ல தாயி. மொதலாளின்னா அப்படி ஒரு நாள் வரும். அன்னைக்கு நான் மூட்டையத் தூக்கிட்டுப் போறப்ப அம்புட்டுப் பேரும் நின்னு பாத்தாகளே, அதத்தான் தாங்க முடியல. அந்த ஊத்துத் தண்ணிய அவகளும்தான குடிச்சாக? ஒருத்தராவது, ஆமாம்மா, வேலுத்தாய் சொல்றது நெசந்தான்னு வாயத் தொறக்கல. அவகளோட ஒக்காந்து இனி எப்படிச் சோறு திங்க? நான் வரல."

திரும்பி வரும்போது பஸ்சில் யோசித்துக்கொண்டே வந்தேன். அவர்கள் வாய் திறக்காததுக்கும் நான்தானே காரணம். ஒருத்தியை அனுப்பி நாற்பது பேர் வாயைக் கட்டினேன். அதற்கு ஒழுங்கு என்று பெயர் வைத்தேன். மேடையில் ஏறிப் பேசினேன்.

மரம் வெட்டியது ஒரு தப்பு. வேலுத்தாய் சொன்னபிறகு அதைத் திருத்திக்கொள்ள எனக்கு மூன்று வருஷம் இருந்தது. அந்த மூன்று வருஷத்தையும் தின்றது மரம் இல்லை, நான் கட்டிப்போட்ட வாய்கள்.

1983 ஜனவரி 22, சனி

காசிராஜன் வந்திருந்தார். ஆட்கள் தண்ணீர் எடுத்தது அவருக்குத் தெரியும். மூன்று மாதமும் தெரியும்.

"எனக்கு ஏன் தம்பி ஒரு வார்த்த சொல்லல?"

"சொன்னா நீங்க நிப்பாட்டியிருப்பீங்க மதினி. என் தயவு வேண்டாம்னு. ஆளுக தவிச்சிருக்கும்."

ஆம். நிறுத்தியிருப்பேன்.

மரங்களை வெட்டாமல் வைத்தது பெரிய யோசனை என்று அவரிடம் சொன்னேன். "யோசனையெல்லாம் ஒண்ணும் இல்ல. அனுமதிக்கு அலையணும், ஆள் பிடிக்கணும். சோம்பேறித்தனந்தான். மூணு வருசமா நானும் ஒங்களப் பாத்து வயிறு எரிஞ்சுக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றார். எத்தனையோ நாளுக்குப் பிறகு நான் சிரித்தேன். அழுகையும் வந்தது.

அவர் தோட்டமும் வாடித்தான் இருக்கிறது. ஆனால் நிற்கிறது. அவர் பக்கத்து ஊற்றில் பாதித் தண்ணீர் எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

1983 ஜனவரி 29, சனி

மலையில் எல்லோரையும் ஸ்டோர் முன்னால் உட்கார வைத்தேன். இருக்கிற தண்ணீரை வைத்து எதைக் காப்பாற்றலாம், உங்களுக்குத் தோன்றுவதைச் சொல்லுங்கள் என்றேன்.

ஒருவரும் பேசவில்லை. "அம்மா சொன்னாச் சரி" என்றது ஒரு குரல். கூட்டம் கலைந்தது.

கேட்டால் சொல்லிவிடுவார்கள் என்று நினைத்தேனே. எவ்வளவு லேசாக நினைத்தேன்.

1983 ஜனவரி 31, திங்கள்

கன்னையன் வேலையிலிருந்து நின்றுகொள்கிறேன் என்று வந்தான். பொய் எழுதியது அவனை அறுக்கிறது. "நீ நிக்கவேண்டாம். நெசத்த எழுதினா என்ன ஆகும்னு உனக்கு நான்தான் காட்டினேன். இனிமே சீட்டு வேண்டாம், வாரா வாரம் நானே வர்றேன்" என்றேன். குலுங்கிக் குலுங்கி அழுதான். நாற்பத்தைந்து வயது ஆம்பளை.

1983 பிப்ரவரி 5, சனி

மறுபடி எல்லோரையும் கூப்பிட்டேன். இந்தத் தடவை எதுவும் கேட்கவில்லை. நான் சொன்னேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் வேலுத்தாய் ஊற்று வற்றுகிறது என்று சொன்னாள், அது உண்மை. அந்நியர் முன்னால் சொன்னாள் என்பதற்காக அவளை அனுப்பினேன், அது தப்பு. ஆயம்மாள் இடுப்பு முறிந்தது என் தப்பு. சிலமலைக்குப் போய் வேலுத்தாயைக் கூப்பிட்டேன், அவள் வரமாட்டேன் என்றுவிட்டாள். இவ்வளவுதான் சொன்னேன். சுவரில் ஒட்டியிருந்த அந்தக் காகிதத்தை நானே கிழித்தேன்.

பெண்கள் பக்கம் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். சரி, இன்றைக்கும் யாரும் பேசப்போவதில்லை என்று எழுந்தேன். அப்போது ஸ்டோரில் உலை எரிக்கிற மொக்கச்சாமி பின்வரிசையிலிருந்து பேசினான். அவன் ஒரு நாளும் பேசி நான் கேட்டதில்லை.

"மேல்காட்ட விட்றணும்மா."

"விட்றதுன்னா?"

"கைகழுவிரணும். நடுக்காட்டையும். அங்க ஊத்துற ஒவ்வொரு கொடமும் வீணு. பள்ளக்காட்டுல மரம் வெட்டல, அங்க மண்ணுல இன்னும் ஈரம் ஓடுது. அம்புட்டுத் தண்ணியையும் அங்க ஊத்துனா அந்த ஒம்பது ஏக்கராச்சும் பொழைக்கும். எல்லாத்தையும் காப்பாத்தணும்னு நெனச்சா ஒண்ணும் தேறாது."

முப்பத்தாறு ஏக்கர். என் வீட்டுக்காரர் கையால் நட்ட மேல்காடு. "அது முடியாது" என்று நாக்கு நுனிவரை வந்தது. வந்ததை விழுங்கினேன். வேறு யாருக்கு என்ன தோன்றுகிறது என்று கேட்டேன். அதன்பிறகு ஒவ்வொருவராக – இலைதழை போட்டு மூடலாம், காய்ந்த தட்டையை வெட்டித் தீ பரவாமல் இடைவெளி விடலாம், வெயில் ஏறும் முன் தண்ணீர் ஊற்றலாம், பாறையில் கயிறு கட்டலாம். பாறையில் கயிறு கட்டலாம் என்றது ஆயம்மாளோடு வேலை செய்த பெண். என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

மொக்கச்சாமி சொன்னபடியே செய்வது என்று முடிவானது.

1983 பிப்ரவரி 7, திங்கள்

மேல்காட்டைக் கடைசியாகச் சுற்றி வந்தேன். வெட்டிய மரங்களின் அடிக்கட்டைகள். எண்ண ஆரம்பித்தேன். விட்டுவிட்டேன்.

1983 ஏப்ரல் 19, செவ்வாய்

எதிர்மலையில் நான்கு நாளாகப் புகை. கீழே போடியில் கிணறுகளே வற்றிவிட்டன. கையெல்லாம் குடம் தூக்கிக் காய்ப்பு. நானும் தூக்குகிறேன். முதல் நாள் தடுத்தார்கள், இப்போது "வெரசா வாங்கம்மா" என்கிறார்கள்.

1983 மே 24, செவ்வாய்

கோடை மழையும் இல்லை. பூவே இல்லை. போடிமெட்டுப் பக்கம் நான் முதலில் போய்ப் பார்த்த அந்தத் தோட்டத்தை விலைக்குப் போட்டுவிட்டார்களாம்.

1983 ஜூலை 2, சனி

மழை. மதியம் இரண்டரைக்கு. யாரும் உள்ளே ஓடவில்லை.

பள்ளக்காட்டில் ஒன்பது ஏக்கரில் ஏழு பிழைத்திருக்கிறது.

1984 ஜூன் 16, சனி

போன பருவம் ஐந்து மூட்டை. கிட்டங்கியில் பாதியை வேறொருவருக்கு வாடகைக்கு விட்டிருக்கிறேன். கம்மலையும் விற்றேன். அது பெரிய வருத்தமாகத் தெரியவில்லை.

நடுக்காட்டில் மரக்கன்று நடுகிறோம். பலா, சந்தனவேம்பு, நடுவில் சீக்கிரம் வளர்கிற கல்யாண முருங்கை. எந்த இடத்தில் எந்த மரம் என்று பெண்ணாட்களே குச்சி நட்டு அடையாளம் வைத்தார்கள். இது நிழல் தர ஏழெட்டு வருஷம் ஆகும். எனக்கு அப்போது ஐம்பதை ஒட்டி இருக்கும். மேல்காட்டை அப்படியே விட்டுவிட்டோம். தானாக முளைப்பது முளைக்கட்டும்.

காசிராஜன் அவர் பக்கம் மரம் வெட்ட ஆள் வந்து கேட்டதாகச் சொன்னார். என்ன சொன்னீர்கள் என்றேன். "மதினியக் கேட்டுக்கிட்டு வாங்கன்னேன்."

1985 அக்டோபர் 10, வியாழன்

போடி பஸ் ஸ்டாண்டில் வேலுத்தாயைப் பார்த்தேன். தலை நரைத்துவிட்டது. பேத்திக்குப் பூப்பு நீராட்டு, துணி எடுக்க வந்தாளாம்.

"மேல மழை உண்டா தாயி?"

"உண்டு. ஊத்துல கசிவு தெரியுது. குடம் முங்காது, ஆனா ஈரம் இருக்கு."

"ஆகட்டும், ஆகட்டும்" என்றாள். பஸ் வந்தது. ஏறிக்கொண்டாள். மறுபடி வருகிறாயா என்று நான் கேட்கவில்லை. கேட்கக் கூடாது, கேட்காததுதான் மரியாதை என்று பட்டது. ஆனாலும் பஸ் திரும்புகிற வரை நின்றேன். சில தப்புகளுக்குத் திருத்தம் கிடையாது, அதன் பக்கத்திலேயே வாழ வேண்டியதுதான்.

1986 ஆகஸ்ட் 12, செவ்வாய்

நான்கு நாளாகக் காய்ச்சல். மலைக்குப் போக முடியவில்லை. மழை விடாமல் அடிக்கிறது.

மதியம் குரங்கணியிலிருந்து ஜீப்பில் ஒரு கடிதம் வந்தது. கன்னையன் கையெழுத்து, ஆனால் எல்லோரும் சேர்ந்து சொல்லி எழுதியது என்று தெரிகிறது. அப்படியே இங்கே எழுதுகிறேன்:

"அம்மாவுக்கு. பள்ளக்காட்டில் கீழ் மூணு வரிசையில் அழுகல் நோய் விழுந்துவிட்டது. இருநூறு தூருக்கு மேல் இருக்கும். உங்களைக் கேட்க நேரம் இல்லை. அழுகினதை வெட்டிக் குழியில் போட்டு மூடிவிட்டோம். தண்ணீர் வடியக் கால்வாய் வெட்டிக்கொண்டிருக்கிறோம். இந்த வாரம் காய் எடுப்பை நிறுத்திவிட்டோம், ஈரத்தில் ஆள் நடந்தால் நோய் பரவும். கமிஷன் கடைக்குச் சொன்ன தேதிக்குக் காய் வராது. நீங்கள் போன மாதம் உரத்தைக் கூடுதலாகப் போடச் சொன்னது சரியில்லை என்று மொக்கச்சாமி நினைக்கிறான், மற்றவர்களும். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்."

இரண்டு தடவை படித்தேன். எழுந்து செருப்பை மாட்டினேன். ஜீப்புக்குச் சொல்லி அனுப்பலாமா என்று வாசல் வரை போனேன். பிறகு, போய் என்ன செய்யப் போகிறேன் என்று தோன்றியது. செய்ய வேண்டியதை எல்லாம் செய்துவிட்டார்கள்.

மழைக்குக் கிட்டங்கிக்குப் போகாமல் ஆயம்மாள் உள்ளே உட்கார்ந்து தட்டில் காய் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கடைக்காரருக்குத் தேதி தள்ளிப் போகிறது என்று ஆள் அனுப்பச் சொன்னேன். செருப்பைக் கழற்றிவிட்டு வந்து கஞ்சி கேட்டேன். நான்கு நாளில் இன்றைக்குத்தான் பசித்தது.